ஐந்தாம் வகுப்புக்கு அப்புறம் படகு இல்லை

ஊரெல்லாம் தலைவரே என்று கூப்பிட, நான் மட்டும் தேசு என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு உன்னிடம் குட்டு வாங்கிய என் அண்ணே,

நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. நான் நலம் என்று எழுதினால் பொய். அண்ணி நடமாட்டமாக இருக்கிறாள். உன் மகன் ஏழுமலைக்கு மீசை அரும்பிவிட்டது. படகுக் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் கரையில் நடந்து போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் நீதான். அண்ணி அப்போதெல்லாம் ஏதோ வேலை இருக்கிற மாதிரி உள்ளே போய்விடுகிறாள்.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம் பள்ளியைத் தத்தெடுத்த மெட்ராஸ் சங்கத்தார் ஒரு மலர் போடுகிறார்களாம். மட்டமாகக் கிடந்த அரசாங்கப் பள்ளிகள் எப்படித் தலை தூக்கின என்று பள்ளிக்கு ஒரு கட்டுரை. "உங்க ஸ்கூல்தான் முதல் பக்கம் டீச்சர், நல்லதா நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்று லலிதா அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நானும் உட்கார்ந்தேன். 'எங்கள் பள்ளி ஏரி நடுவே ஒரு தீவில் உள்ளது' என்பதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. உனக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டால் மட்டும் வருகிறது. மலரில் போட்டால் போடட்டும். போடாவிட்டாலும் நீ படித்ததாக வைத்துக்கொள்கிறேன்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேனே என்று சிரிக்காதே. கூட இருந்து கேட்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும்.

நைனாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்ட அன்று நான் ஆசிரியப் பயிற்சிக்காக வெளியூர் விடுதியில் இருந்தேன். நீயும் ஊரிலிருந்து இன்னும் ஐந்தாறு பேரும் அவரைப் படகில் ஏற்றி, பழவேற்காட்டில் பஸ் பிடித்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்கள். யாரோ கை காட்டிய வரிசையில் உட்கார்ந்தீர்கள். மத்தியானம் வரை உட்கார்ந்த பிறகுதான் அது கண் பார்க்கிற வரிசை என்று தெரிந்ததாம். சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. "இத்தினி ஆம்பளைங்க வந்துகீறீங்க, ஒருத்தருக்குக்கூடவா போர்டு படிக்கத் தெரியல?" என்று நர்ஸம்மா கேட்டாள். அன்றைக்கு நைனா பிழைத்துக்கொண்டார். லீவுக்கு நான் வந்தபோது நீ சொன்னாய்: "நைனா நல்லாத்தான் கீது. நான்தான் செத்துட்டேன்மே."

பயிற்சி முடித்ததும் எனக்கு நம் ஊர்ப் பள்ளியிலேயே வேலை போட்டார்கள். நீ படகில் நின்று கும்மாளமிட்டாய். வேறு யாரும் அந்தத் தீவுக்கு வர ஒத்துக்கொள்ளாததால்தான் எனக்குக் கிடைத்தது என்று எனக்குப் பிறகு தெரிந்தது. உன்னிடம் நான் அதைச் சொல்லவில்லை.

பள்ளி என்பது அப்போது அரைச்சுவர் வைத்த ஒரு கீற்றுக் கொட்டகை. ஐந்து வகுப்பும் அதற்குள்தான். பெரிய வாத்தியார் பழவேற்காடு வரைக்கும் வருவார். கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பார். "காத்து ஒரு மாதிரியா கீதே" என்பார். வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விடுவார். இறால் ஓடத் தொடங்கினால் குடும்பம் குடும்பமாக முகத்துவாரத்துப் பக்கம் போய்க் குடிசை போட்டுவிடுவார்கள். பிள்ளைகளும் கூடவே போகும். திரும்பி வரும்போது 'அ'னாவில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்தவனுக்குத் தன் பெயரைக் கேட்டு எழுதத் தெரியாது, பார்த்து எழுதத்தான் தெரியும். எனக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அவருக்குப் பொன்னேரி அரிசி மில்லில் வேலை. ஞாயிற்றுக்கிழமை நான் போவேன், இல்லையென்றால் அவர் வருவார். "மாத்தல் கேளு, மாத்தல் கேளு" என்று அவர் சொல்லாத ஞாயிறு இல்லை. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான் சங்கத்து லலிதா அம்மா வந்தார். சத்துணவு வருவதற்குக் கொஞ்சம் முந்தி. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் இறங்கி நடந்து வந்த முதல் மெட்ராஸ் பொம்பளை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அண்ணே. நீயும் கடைசி வரை சொல்லவில்லை.

கங்கையம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. ஓட்டுக் கட்டடம், கிணறு, சிலேட்டு, புஸ்தகம், தினம் பன்னும் பாலும், இரண்டு இளம் வாத்தியார்கள், எல்லாம் சங்கம் தரும் என்றார். பஞ்சாயத்து யூனியனும் சங்கமும் சேர்ந்து நடத்தும். பதிலுக்கு இரண்டு நிபந்தனை. வருஷம் முழுக்கப் பிள்ளைகள் வர வேண்டும், இறால் பருவத்திலும்தான். ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் ஆசிரியர்களை மாற்றக் கூடாது. பெரிய வாத்தியார் எப்படியோ மோப்பம் பிடித்து முந்தின மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். மாட்டியது நான்தான்.

கூட்டத்தில் ஒரே ஒரு ஆள்தான் கேள்வி கேட்டார். அண்ணியின் உடன்பிறந்த அண்ணன், முனிரத்தினம்.

"ஐஞ்சாவது முட்ச்சிட்டு இன்னா பண்ணுவாங்கோ?"

"மேல படிப்பாங்க" என்றார் லலிதா அம்மா.

"எங்க?"

"பழவேற்காட்டுல ஹைஸ்கூல் இருக்கே."

"தெனம் எப்டிப் போவாங்கோ?"

லலிதா அம்மா கரையில் வரிசையாக நின்ற படகுகளைக் காட்டிச் சிரித்தார். "உங்ககிட்ட இல்லாத படகா?"

ஊரே சிரித்தது. நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். முனிரத்தினம் அண்ணன் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு உட்கார்ந்தார்.

நிபந்தனையை நீ எப்படிக் காப்பாற்றினாய் என்பதுதான் இந்த ஏரியைத் தெரியாதவர்களுக்கு விளங்காது. எந்தக் குடும்பம், எந்த நாள், எந்த இடத்தில் இறால் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு இருந்தால் சோறு. ஊர்த்தலைவன் என்ற முறையில் நீ எழுந்து நின்று சொன்னாய்: "பள்ளிக்கூடத்துலேர்ந்து புள்ளைய நிறுத்துற வூட்டுக்கு அடுத்த பாடு இல்ல. அது யாரா இருந்தாலும் சரி." அப்போது அது கொடுமையாகப் படவில்லை. புதுக் கட்டடத்தின் ஆசை எல்லோர் கண்ணிலும் இருந்தது.

பள்ளி நிமிர்ந்தது. அதை நான் இல்லை என்று சொல்ல முடியாது. வாடைக்காற்று அடித்தாலும் ஒழுகாத ஓடு. சங்கம் அனுப்பிய பையன்கள் இரண்டு பேரும் இங்கேயே தங்கி, நம் பிள்ளைகளோடு குளித்து, நம் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். கணக்கை மீனை வைத்தும் வலைக் கண்ணை வைத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பொட்டலக் காகிதத்தைப் பிரித்து உரக்கப் படிக்கும்போது அதன் அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து நின்று கேட்பாள். முனிரத்தினம் அண்ணனின் மகள் தனலட்சுமி இருக்கிறாளே, அவள் எல்லோரையும் தாண்டிக்கொண்டு போனாள். ஒரு பாடத்தை நான் முடிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவாள். நீ வேலை முடித்து வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பாய். உள்ளே வரச் சொன்னால் வர மாட்டாய். "கால்ல சேறு" என்பாய்.

இரண்டாம் வருஷம் இறால் நன்றாக ஓடியது. முனிரத்தினம் அண்ணனுக்குக் கை போதவில்லை. தனலட்சுமியையும் அவள் தம்பியையும் முகத்துவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நீ சொன்னபடியே அவருடைய அடுத்த பாட்டை நிறுத்தினாய்.

அவர் நம் வீட்டு வாசலுக்கு வந்து கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "நீ இன்னா கவர்மென்டா? மெட்ராஸ்காரிக்கு மார்க்கு வாங்கிக் குடுக்கறதுக்கு என் அடுப்புல தண்ணி ஊத்துவியா? என் தங்கச்சிய உனக்குக் குடுத்தேன் பாரு!"

அண்ணி உள்ளே இருந்து வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு பொங்கலுக்கும் ஆடிக்கும் அண்ணிக்குத் தாய்வீடு என்பது இல்லாமல் போயிற்று. அந்த வீடு நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தீவில் பகையாளியைத் தவிர்க்க முடியாதே, அண்ணே. தண்ணீர் எடுக்கப் போனாலும் அதே கிணறு, அதே முகம். பிள்ளைகள் மட்டும் அடுத்த வாரமே பள்ளிக்குத் திரும்பி வந்தார்கள்.

அந்த வருஷம் போய் அடுத்த வருஷம், சங்கத்தார் கண்முன்னால் ஐந்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைகள் ஒருவர் விடாமல் தேறினார்கள். விசைப்படகில் அதிகாரிகள் வந்தார்கள். உனக்கு மாலை போட்டு, பிள்ளைகள் நடுவில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். தனலட்சுமி மேடையில் ஏறி ஒரு பக்கம் படித்தாள். முனிரத்தினம் அண்ணன் கூட்டத்தின் கடைசியில், யாரோ ஊரார் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி நின்றார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளைகள் எண்ணெய் தடவி, வகிடு எடுத்து, கரையில் நின்றார்கள். படகெல்லாம் விடியலுக்கு முன்பே போய்விட்டது. மீன் பிடிக்கிற படகு பள்ளி மணிக்கா கிளம்பும்? தண்ணீர் ஏறுகிற நேரத்துக்கும் காற்று திரும்புகிற நேரத்துக்கும்தான் கிளம்பும். முதல் மாதம் யாராவது ஒருவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். சாயந்திரம் திரும்பி வர வழி இல்லாமல் பிள்ளைகள் பழவேற்காட்டுக் கரையில் இருட்டும் வரை குந்திக் கிடந்தார்கள். பெண் பிள்ளைகளை நிறுத்தினார்கள். பிறகு பையன்களும் நின்றார்கள்.

அந்த வயதில் மற்ற கரைப் பிள்ளைகளுக்குக் கோல் ஊன்றத் தெரியும், வலையை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று தெரியும். நம் பிள்ளைகள் அந்த வருஷங்களை என் வகுப்பில் உட்கார்ந்து கழித்தவர்கள். படகில் ஏற்றினால் இடைஞ்சல், பள்ளிக்கு அனுப்பினால் வழியில்லை. "வேலைக்கும் ஆவாம, படிப்புக்கும் ஆவாம, எம் புள்ளைய இன்னாத்துக்கு இப்டிப் பண்ணீங்கோ?" என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் சம்பளக்காரி. யூனியனும் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துக்குள் அடைபட்டவள். ஐந்தாம் வகுப்பு வரை கேள், சொல்கிறேன். அதற்கு மேல் அந்த ஒப்பந்தத்திலேயே இல்லை.

தனலட்சுமி உன்னிடம்தான் வருவாள். அவள் அப்பா உன்னோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டா? "மாமா, நாளிக்கு படவு வருமா?" என்று கேட்பாள். நீ ஏரியைப் பார்ப்பாய்.

நீயும் நானும் மெட்ராஸுக்குப் போனது நினைவிருக்கிறதா? நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். சங்கத்து ஆபீஸில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் உன் படம், மாலையோடு. அதன் கீழேயே உன்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். காரியதரிசி மரியாதையான மனிதர்தான். நீ சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஒரு படவு வேணுங்க. கூட ஒரு ஆளு. காலைல கொண்டும் போயி சாயங்காலம் இட்டாரணும். அவ்ளோதான்."

"எங்க திட்டம் ப்ரைமரி வரைக்கும்தாங்க. இந்த வருஷம் இன்னும் பல ஸ்கூல் எடுக்கறோம். உங்க ஊர் மாதிரியே எல்லாத்தையும் கொண்டு வரணும். நீங்கதான் எங்களுக்கு முன்மாதிரி."

"அப்போ ஐஞ்சாவதுக்கு மேல?"

"அதை கவர்மென்ட் பார்க்கணும்."

"சரிங்க. அப்டின்னா இறால் ஓடற மாசத்துலயாவது பசங்கள அப்பன் ஆயியோட உட்ருங்க. தொழிலாவது கத்துக்கட்டும்."

காரியதரிசி வருத்தமாகத் தலையை ஆட்டினார். வருகை குறைந்தால் ஒப்பந்தம் நிற்காது. ஒப்பந்தம் நிற்காவிட்டால் அந்த இரண்டு வாத்தியார்களும் இல்லை, பன் இல்லை, பால் இல்லை. பழைய கொட்டகைக் காலம்தான். அவர் மிரட்டவில்லை. நிலைமையைச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. திட்டுகிற ஆளாக இருந்தால் நீயும் திட்டிவிட்டு வந்திருப்பாய்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் வாசல் பக்கம் தரையில் உட்கார்ந்து வந்தோம். பொன்னேரி நெருங்கும்போதுதான் நீ பேசினாய். "பாடு சட்டத்த எடுத்துட்டா பள்ளிக்கூடம் பூடும். வெச்சிருந்தா பசங்க பூடுவாங்க. இன்னாமே பண்ணுவேன் நானு?"

ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். என் பையை வாங்கிக்கொண்டார். "இன்னும் எத்தினி வருஷம்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை நீ தொழிலுக்குப் போகவில்லை. படகைக் கழுவி, குறுக்கே பலகை போட்டு, கரையில் நிறுத்திக் காத்திருந்தாய். ஒரு வாரம் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். பிறகு பெண் பிள்ளைகளும் வந்தார்கள். நீ கோல் ஊன்றுகிறாய் என்பதால்தான் அனுப்பினார்கள். காலையில் பழவேற்காட்டில் இறக்கிவிட்டு, பள்ளி விடுகிற வரை அங்கேயே இருப்பாய். கடைத்தெருவில் கயிறு விற்கிற காதர் பாய் தன் கடை நிழலில் உனக்கு இடம் கொடுத்தார். யாராவது கிழிந்த வலையைப் போட்டால் முடிந்து கொடுப்பாய். உன் ஏரி பக்கத்திலேயே கிடக்க, நீ வெறும் கையோடு அங்கே உட்கார்ந்திருந்தாய். பாயே என்னிடம் சொன்னார்: "ஒங்க அண்ணன் தண்ணிக்கு முதுகக் காட்டிகினுதான் குந்துவாரும்மா."

வீட்டில் உலை வைக்க வேண்டுமே. அண்ணி இறால் உரிக்கப் போனாள். அதுவும் போதவில்லை. நம் பாடு வந்த அன்று வலை கட்ட ஆள் இல்லை. ஏழுமலை அப்போது ஐந்தாம் வகுப்பு. புஸ்தகத்தை மடித்து வைத்துவிட்டு அவன் போனான். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் என்பது ஒரு மாதம் ஆயிற்று.

மறுபடி கோயில் வாசலில் ஊர் கூடியது. முனிரத்தினம் அண்ணன் எழுந்தார். அவர் குரல் ஏறவில்லை. "தலைவரு புள்ள பள்ளிக்கூடத்துக்கு வரல. சட்டம் எல்லாருக்கும்தான?"

நான் எழுந்து ஏதோ சொல்ல வந்தேன். நீ கையைக் காட்டி என்னை உட்கார வைத்தாய். "எல்லாருக்கும்தான்" என்றாய். "எம் பாட்ட நிறுத்திடுங்கோ."

ஊர்ப் பிள்ளைகளைப் படிக்க அனுப்புவதற்காக உன் பிள்ளையின் படிப்பும் போய், அதற்குத் தண்டனையாக உன் பாடும் போய், நீ கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தாயே, அன்று நான் உன் பின்னால் வந்தேன். உன்னோடு பேச வேண்டும் என்று வந்தேன். வாசல் வரை வந்துவிட்டு நின்றுவிட்டேன். உள்ளே அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள்: "அத்த உட்டுட்டு வேற ஒண்ணும் தெரியாதா உனுக்கு?" நீ சொன்னாய், "உட்டா அந்தப் பசங்க எங்க போவும்?"

மறுநாள் விடியற்காலையில் முனிரத்தினம் அண்ணன் நம் வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல், "ஏழுமல, வா" என்று கூப்பிட்டுத் தன் படகில் ஆளாக ஏற்றிக்கொண்டார். உன்னோடு பேச்சு இல்லை. அவர் மகள் உன் படகில், உன் மகன் அவர் படகில். எந்த ஊரில் நடக்கும் இது?

அப்படியே வருஷங்கள் போயின. மழையில் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு நீ கோல் ஊன்றுவாய். பிள்ளைகள் புஸ்தகத்தைப் பாவாடைக்குள் பொத்தி வைத்துக்கொள்வார்கள்.

முழுப் பரீட்சை சமயத்தில் தண்ணீர் வற்றி, படகு தரை தட்டிற்று. இறங்கித் தள்ளும்போது சேற்றில் கிடந்த ஆளிச் சிப்பி ஓடு உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. மஞ்சளை வைத்துக் கட்டினாய். ஊசி போட்டுக்கொள் என்று நானும் சொன்னேன், காதர் பாயும் சொன்னார். "பரிச்ச முடியட்டும், போறேன்" என்றாய். பரீட்சை முடிந்தது. ஒரு காலையில் கஞ்சி குடிக்க வாயைத் திறக்கப் பார்த்தாய், திறக்கவில்லை. பொன்னேரியில் பார்த்துவிட்டு மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். உன் உடம்பு வில்லாக வளைந்ததை நான் பார்த்தேன். கண் மட்டும் தெளிவாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வந்தாய். தாடை விடவில்லை. அது என்ன, அண்ணே? அண்ணிக்கா? ஏழுமலைக்கா? இல்லை, படகை யார் எடுப்பது என்றா?

உன்னைப் புதைத்துவிட்டு வந்த பிறகு கோடை விடுமுறை நகர்ந்தது. ஜூன் மாதம் பிள்ளைகள் கரைக்கு வந்து நின்றார்கள். பழக்கத்தில் வந்துவிட்டார்கள். உன் படகு கவிழ்த்துக் கிடந்தது. நான் பள்ளி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போய், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லக் கால் வரவில்லை. முனிரத்தினம் அண்ணன்தான் வந்தார். ஏழுமலையும் அவருமாக உன் படகைப் புரட்டித் தண்ணீரில் தள்ளினார்கள். "ஏறுங்கோ" என்றார். பிள்ளைகள் ஏறிய பிறகு அவர் கோலைக் கையில் எடுத்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு ஊன்றினார்.

பிறகு அவரே ஊரைக் கூட்டி, பாடு மாதிரியே படகுக்கும் முறை வைத்தார். வீட்டுக்கு ஒரு நாள். அது நன்றாக நடந்தது என்று எழுத ஆசைதான். இறால் ஓடாத மாதங்களில் நடக்கிறது. ஓடுகிற மாதங்களில் முறைக்காரர் வருவதில்லை. பிள்ளைகள் நிற்பார்கள், திரும்பிப் போவார்கள். ஒவ்வொரு வருஷமும் சிலர் அத்தோடு சரி.

இந்த வருஷம் நம் கரையிலிருந்து மூன்று பேர் பத்தாவது எழுதினார்கள். இரண்டு பேர் கணக்கில் தோற்றுவிட்டார்கள். தனலட்சுமி தேறிவிட்டாள். அண்ணே, தேறிவிட்டாள்! ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். அவள் அப்பா தை மாதம் மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொல்கிறார். "இவ்ளோ படிச்சிட்டா இங்க எவன் கட்டுவான் டீச்சர்?" என்று என்னிடமே கேட்கிறார். அவரும் பாவம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்.

சங்கம் இந்தக் கோடையோடு போகிறது. ஒரு முறை நீட்டினார்கள், இனி நீட்ட முடியாதாம். பள்ளி நிமிர்ந்துவிட்டதால் இனி அவர்கள் வேண்டியதில்லையாம். சொல்ல லலிதா அம்மாவே வந்தார். தலை நரைத்துவிட்டது. "வருஷா வருஷம் படகு கேட்டேன் டீச்சர். என் பேச்சு அங்க எடுபடல" என்றார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். உன் வீட்டைக் காட்டச் சொன்னார். அண்ணி அவரை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

ஒப்பந்தம் முடிகிறது இல்லையா, எனக்கு மாற்றல் ஆர்டரும் வந்துவிட்டது. பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பள்ளி. என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டார். புது அடுப்பு வாங்கி வைத்துவிட்டார். இத்தனை வருஷம் நான் எந்தச் சாமியிடம் கேட்கவில்லை இதை? அண்ணிகூடச் சொன்னாள், "போ கன்னி. நீயாவது போ." நான் துணியை மடித்து வைக்கத் தொடங்கினேன். சங்கத்து வாத்தியார்களும் போய், நானும் போனால், இனி வரப்போகிறவர் பழவேற்காட்டுக் கரையில் நின்று காற்றைப் பார்ப்பார். எனக்குத் தெரியாதா?

போன செவ்வாய்க்கிழமை யூனியன் ஆபீஸுக்குப் போனேன். அண்ணியும் ஊர்ப் பெண்கள் சிலரும் வருகிறோம் என்று கூடவே கிளம்பினார்கள். ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தேன். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் அங்கேர்ந்து வரத்துக்கு அழுவாங்க. உங்களுக்கு இன்னாமா ஆச்சு?"

"எங்க கரையிலயே ஆறாவது, ஏழாவது, எட்டாவது வேணும் சார்."

"பிள்ளைங்க எண்ணிக்கை பத்தாதே."

அண்ணி அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "என் வூட்டுக்காரரு உங்க ஸ்கூலுக்குப் படவு தள்ளியே செத்தாரு சார். அதுக்கோசரம் எனுக்கு ஒண்ணும் வேணாம். ஆறாங்கிளாஸ் குடுங்கோ."

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். "எழுதிக் குடுங்க. மேல அனுப்பறேன்" என்றார். முன்பெல்லாம் 'பார்க்கலாம்' என்பார். அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணியை நீ பார்த்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை. "அந்தத் தண்ணியிலியே கெட" என்று சொல்லிவிட்டுப் போனவர் இந்த ஞாயிறு வரவில்லை. அவர் கோபம் நியாயம்தான். யார் கேட்டாலும் அவர் பக்கம்தான் பேசுவார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் உன்னைப் போல இல்லை. நீ எதையும் மனசோடு செய்தாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். நீ உயிரோடு இருந்திருந்தால் உன்னோடு சண்டை போட்டுவிட்டுப் பொன்னேரிக்குப் போயிருப்பேன். செத்துப்போய் என்னை இங்கே கட்டிப்போட்டுவிட்டாயே. செத்தவனிடம் யார் சண்டை போடுவது? ஊர் உன்னைத் தெய்வம் போலப் பேசுகிறது. எனக்கு உன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருக்கிறது. ஊசி போட்டுக்கொள் என்று எத்தனை முறை சொன்னேன்!

சரி. கேள். நம் கரையில் ஆறாம் வகுப்பு திறக்கிற வரைக்கும் நான் இங்கிருந்து போக மாட்டேன். தனலட்சுமியைப் பயிற்சிக்கு அனுப்பும் வரை முனிரத்தினம் அண்ணன் வீட்டு வாசலில் போய் உட்காருவேன், தினமும் உட்காருவேன். இது இரண்டும் நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. ஆறாம் வகுப்பு திறந்த மறுநாள் முதல் படகில் ஏறிப் பொன்னேரிக்குப் போய்விடுவேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்காதே. கேட்டாலும் தர மாட்டேன்.

உன்மேல் கோபம் தீராத
உன் ஒரே தங்கச்சி,
கன்னியம்மா